ஆமைக்கு மாப்பிள்ளை ஆரு

ஜனவரி 5, ஞாயிறு

தீவனக் கம்பெனிக்காரன் இந்த வருஷம் பண்ணையில் எல்லாருக்கும் ஒரு டைரி கொடுத்தான். அட்டையில் கொண்டையைச் சிலுப்பிக்கொண்டு ஒரு சேவல். "நம்ம பண்ணைக்கு வந்த மொத ஆம்பளை" என்று நான் சொன்னதும் முட்டை பொறுக்குகிற பெண்கள் எல்லாரும் முட்டை அட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். உண்மைதானே. ஷெட்டு ஷெட்டாகக் கூண்டில் நிற்கிற லேயர் கோழி அத்தனையும் பொட்டை. மீசை இருப்பது சூப்பர்வைசருக்கு மட்டும்தான், அவரும் முட்டை போடமாட்டார்.

அஞ்சாவதோடு நின்றவள் டைரி எழுதினால் பிழை இருக்கும். இருக்கட்டும், திருத்த யாரும் வரப்போவதில்லை.

என் பெயர் பாவாயி. திருச்செங்கோட்டுக்குப் பக்கம் தம்பி வீட்டில் இருக்கிறேன். தம்பி செங்கோட்டுவேல் ரிக் வண்டியில் டிரில்லர். போர் போடுகிற லாரி. மழைக்காலம் தவிர மற்ற மாசமெல்லாம் சத்தீஸ்கர் பக்கம் பாறையைத் துளைத்துக்கொண்டிருப்பான். நான் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து என்னைத் திருப்பி அனுப்பினபோது பஸ் நிற்கிற இடத்துக்கு வந்து என் பெட்டியை வாங்கியவன் அவன்தான். அப்போது அவனுக்கு அரை டவுசர். நான் சிரித்துக்கொண்டேதான் இறங்கினேன், ஊர்க்காரர்கள் பார்க்கிறார்களே.

அவன் பெண்டாட்டி கோகிலா. கல்யாணம் முடிந்து மூன்று வருஷம் ஆகிறது. நாத்தனார் என்பதால் என்னை நங்கையா என்று கூப்பிடுவாள். வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள். ஆள் நெட்டை, பேச்சு குட்டை. நான் ஒரு கிண்டல் செய்தால் அரை நாள் கழித்துத்தான் சிரிப்பாள்.

நாலாவது ஆள் மங்கம்மா. ஆமை. முதுகெல்லாம் மஞ்சள் நட்சத்திரம். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஆந்திராவில் ரோட்டைக் கடந்துகொண்டிருந்ததைத் தம்பி வண்டியில் தூக்கிப் போட்டுக் கொண்டுவந்தான். வளர்த்தால் ஃபாரஸ்ட்காரன் கேஸ் போடுவான் என்று பிறகுதான் தெரிந்தது. அதனால் சொந்தக்காரர்களைத் தாண்டிப் பேச்சு போகக்கூடாது. வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில், மாதுளை மரத்தடியில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் தம்பி போன் செய்தான். கோகிலாவோடு ரொம்ப நேரம். கடைசியில் போனை என்னிடம் நீட்டினாள். "அக்கா, நல்லா இருக்கறயா? செரி, வெச்சர்றேன்." அவ்வளவுதான்.

ஜனவரி 9, வியாழன்

மங்கம்மா தீனி எடுப்பதில்லை. சுவரோரமாகச் சுற்றிச் சுற்றி வருகிறது.

"நங்கையா, செம்பருத்திப் பூவைக்கூடத் தொடமாட்டீங்குது. என்னவோ மாதிரி பண்ணுதுங்க."

"புருஷன் ஊருல இல்லாத பொம்பளைக்குச் சோறு எறங்குமா அம்மிணி? உன்னைப் பாத்துக் கத்துக்கிச்சு."

அவள் சிரிக்கவில்லை. மாட்டு டாக்டரிடம் போகவும் பயம், கேஸ் வந்துவிடும். சங்ககிரி ரோட்டில் கிளி, லவ் பேர்ட்ஸ் விற்கிற கடைக்காரனிடம் பேச்சுவாக்கில் கேட்டுப் பார்க்கிறேன் என்றாள். கேள் என்றேன்.

கொத்தவரங்காய் முற்றல். பாதியை மங்கம்மாவுக்குப் போட்டேன். மோந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. என் சமையல் அதற்கும் பிடிக்கவில்லை.

ஜனவரி 11, சனி

பண்ணையில் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் என்று சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். வீட்டு வாசலில் ஒரு பைக். பொடக்காளியில் கிளிக்கடைக்காரன் தனசேகர் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து மங்கம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் கறுப்புப் பை. கோகிலா டீ டம்ளரோடு நின்றாள்.

"எனக்குப் பறவை பத்தித்தானுங்க தெரியும். ஓட்டுக்குச் சத்து பத்தாம இருக்கும்னு கடல்நுரை கொண்டாந்திருக்கேன். சுரண்டிப் போடுங்க" என்றான். பைக்குள் வெள்ளை வெள்ளையாகக் கடல்நுரைத் துண்டு.

"இந்த வூட்டுல ரெண்டு பொம்பளையும் ஒரு ஆமையும் இருக்கறோம். நீங்க எதைப் பாக்க வந்தீங்க சாமி?" என்று கேட்டேன்.

பாவம், காதெல்லாம் சிவந்துவிட்டது. பாதி டீயை வைத்துவிட்டு ஓடினான்.

"ஏனுங்க நங்கையா இப்புடிப் பேசறீங்க? அந்த மனுசன் என்ன நெனைப்பாரு?"

"என்ன நெனைப்பான்? அடுத்த வாட்டி டீயை முழுசாக் குடிச்சுட்டுத்தான் ஓடோணும்னு நெனைப்பான்."

ஜனவரி 14, செவ்வாய், பொங்கல்

எழுத நிறைய இருக்கிறது.

அர்த்தநாரி மாமன் குடும்பத்தோடு வந்திருந்தார். எங்களுக்குத் தாய்மாமன், இப்போது குடும்பத்தில் மூத்தவர் அவர்தான். பொங்கல் வைத்து இலை போடுகிற நேரம், "நங்கையா, இங்க வாங்க, எல்லாரும் வாங்க" என்று கோகிலா கூப்பிட்ட சத்தம். அவளுக்கு அவ்வளவு குரல் இருக்கிறதே எனக்குத் தெரியாது.

மாதுளைக்கு அடியில் மங்கம்மா பின்னங்காலால் குழி தோண்டிக்கொண்டிருந்தது. ஒரு கால் மாற்றி ஒரு கால், மண்வெட்டி பிடிக்கிற ஆள் தோற்றான். நடுவில் குழிக்குள் மூத்திரம் பெய்து மண்ணை இளக்கிக்கொண்டது. அப்புறம் ஒவ்வொன்றாக விழுந்தது. எலுமிச்சம்பழம் அளவு, வெள்ளை முட்டை, நாலு. போட்டு முடித்ததும் பின்னங்காலாலேயே மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, கட்டின வீட்டை ஒப்படைத்த கொத்தனார் மாதிரி திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது. கோகிலா மண்ணில் உட்கார்ந்து அழுதாள். சந்தோஷம்தான்.

எல்லாரும் கப்சிப் என்று நின்றார்கள். நல்ல நாளில் அப்படி நிற்கலாமா?

"ஏனுங்க மாமா, வூட்டுல இருக்கறது ஒத்தைப் பொட்டை. மாப்பிள்ளை ஆருன்னு ஒரு பஞ்சாயத்து வெக்க வேண்டாமா?" என்றேன்.

மாமன் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அத்தைக்குப் புரையேறிவிட்டது. அந்த நேரம் பார்த்துத் தம்பி வீடியோவில் வந்தான். ரிக் வண்டிப் பசங்க எல்லாரும் அவன் தோளுக்குப் பின்னால். நான் போனைப் பிடுங்கி மங்கம்மாவைக் காட்டினேன்.

"ஆமைக்கு மாப்பிள்ளை ஆருடா வேலு? நீ இல்லாத நேரம் எவனோ செவுரேறிக் குதிச்சிருக்கான்!"

அந்தப் பக்கம் ஒரே விசில். தம்பியும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு என் பேச்சுக்கு அவன் அப்படிச் சிரித்ததைப் பார்த்தேன்.

மாமன்தான் சிரிப்பை நிறுத்தி, "அது செரி, நெசமாலுமே கேக்கறேன். இன்னொரு ஆமை இல்லாம முட்டை எப்புடி வரும்? ஆராச்சும் கொண்டாந்து விட்டாத்தான உண்டு?" என்றார்.

தம்பி முகம் அப்படியே நின்றுவிட்டது. சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு அவனே கட் செய்தான்.

பொங்கலில் வெல்லம் கொஞ்சம் தூக்கல்.

ஜனவரி 15, புதன்

ரிக் வண்டிப் பசங்க போனில் கூப்பிட்டு, "பாவாயக்கா, மாப்பிள்ளை சிக்குனானா?" என்று கேட்கிறார்கள். என் பகிடி சத்தீஸ்கர் வரைக்கும் போய்விட்டது. நான் ராசிபுரம் தாண்டினதில்லை.

ஜனவரி 18, சனி

பண்ணையில் இருக்கும்போது தம்பி எனக்கே நேராகப் போன் செய்தான். பதறிப்போய் எடுத்தேன்.

"அக்கா, பக்கத்துல ஆராவது இருக்கறாங்களா?"

"கோழிதான்டா இருக்குது. சொல்லு."

"வூட்டுக்கு ஆரு வந்துட்டுப் போறாங்க?"

நான் சிரித்தேன். அவன் திரும்பவும் அதையே கேட்டான். கிளிக்கடைக்காரன் வந்தான், டீ குடித்தான், போனான் என்றேன். நடந்ததைத்தான் சொன்னேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"கையில பை கிய்யி வெச்சிருந்தானா?"

"வெச்சிருந்தான்."

பைக்குள் என்ன இருந்தது என்று அவன் கேட்கவில்லை.

ஜனவரி 20, திங்கள்

கோகிலா முட்டையைத் தோண்டி எடுத்து, பிளாஸ்டிக் பேசினில் மணல் போட்டு அதில் வைத்திருக்கிறாள். மேலே குண்டு பல்பு. தையல் மிஷின் பக்கத்திலேயே. கோழிக்குஞ்சு பொரிக்கிற மாதிரி ஈரத்துணியும் போட்டிருக்கிறாள். தைக்கிற நேரமெல்லாம் அதனோடு பேச்சு. அவளுக்கு அவ்வளவு பேச்சு வரும் என்று யாருக்குத் தெரியும்!

"பொரியுமாங்க நங்கையா? நீங்க எத்தனை முட்டை பாத்திருப்பீங்க, சொல்லுங்க."

"நான் பாக்கற முட்டை ஆம்லெட்டுக்குப் போறது அம்மிணி. எனக்கென்ன தெரியும்?"

அவள் குளிக்கப் போனபோது ஒரு முட்டையை எடுத்து போன் டார்ச்சை அடியில் வைத்துப் பார்த்தேன். சின்ன வயதில் அடைகாக்கிற நாட்டுக்கோழிக்கு அப்படித்தான் பார்ப்போம். கரு பிடித்திருந்தால் உள்ளே சிவப்பு நரம்பு ஓடும். இதில் ஒன்றும் இல்லை. மஞ்சள் வெளிச்சம், விளக்கு மாதிரி. மற்ற மூன்றும் அதே கதைதான். கூமுட்டை. பண்ணையில் அட்டை அட்டையாக அடுக்குகிறேனே, அந்த ஜாதி.

திரும்ப மணலில் வைத்துவிட்டேன். அவள் சந்தோஷத்தை நான் எதற்குக் கெடுக்க வேண்டும்?

ஜனவரி 26, ஞாயிறு

தம்பி இப்போது தினமும் போன் செய்கிறான். கோகிலாவுக்கு இல்லை, எனக்கு. சாயங்காலம் நான் பண்ணையிலிருந்து நடந்து வருகிற நேரம் பார்த்துக் கூப்பிடுகிறான். "அக்கா, சாப்புட்டயா? கால்வலி எப்புடி இருக்குது?" என்று ஆரம்பிக்கிறான். என் கால்வலியை அவன் கேட்டு மூன்று வருஷம் இருக்கும். அப்புறம்தான் மற்றது. இன்றைக்கு யார் வந்தார்கள், அவள் எங்கே போனாள், என்ன சேலை.

ஒன்றும் இல்லை என்று சொன்னால் சீக்கிரம் வைத்துவிடுகிறான். அதனால் கடைக்குப் போனாள், நூல் வாங்கினாள், பச்சைச் சேலை என்று நீட்டிச் சொல்லுவேன். கேட்டுக்கொண்டே இருப்பான்.

பிப்ரவரி 2, ஞாயிறு

"நங்கையா, அவருக்கு எம்மேல என்னங்க கோவம்? போன் பண்ணுனா வேலையில இருக்கேன்னு வெச்சர்றாரு."

"நாளெல்லாம் பாறையை ஓட்டை போடறவனுக்குக் கொஞ்சுப் பேச்சு வருமா? மழை பேஞ்சாத் தானா எளகிருவான்."

சாயங்காலம் தம்பியிடம் சொன்னேன், அவளோடு ரெண்டு வார்த்தை பேசேன்டா என்று. நான் சொல்லாமல் இல்லை.

"முட்டை என்னாச்சு?" என்றான்.

"பல்புக்கு அடியில தூங்குது."

"பொரியட்டும் அக்கா. குஞ்சு வந்தா அப்பன் ஒருத்தன் இருக்கறான்னு அர்த்தம். அன்னைக்கு வந்து பேசிக்கறேன். பொரியாட்டி எம்மேலதான் தப்பு, அவ கால்ல வுழுந்தர்றேன். அதுவரைக்கும் அவகிட்ட ஒண்ணும் சொல்லிப்போடாத."

எனக்கு மனசு லேசாகிவிட்டது. இது பொரியாது என்று எனக்குத் தெரியும். இன்னும் கொஞ்ச நாள் போனால் தானாகவே சரியாகிவிடும். நான் நடுவில் புகுந்து, நம் பண்ணையைப் பாருடா மடையா என்று சொன்னால், அப்படியானால் அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்பான். பிறகு என் கால்வலியை யார் கேட்பது? விளையாட்டுக்கு எழுதுகிறேன்.

பிப்ரவரி 8, சனி

கோகிலா திருச்செங்கோடு மலைக்குப் போய்வந்தாள். நெற்றி நிறையக் குங்குமம்.

"நாலும் பொரிஞ்சா மறுக்கா படியேறி வர்றேன்னு வேண்டிக்கிட்டேனுங்க. அவரு வர்றப்ப குஞ்சைக் காட்டுனா கோவமெல்லாம் போயிருமல்லங்க?"

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. "பிரசாதம் குடு" என்று வாங்கித் தின்றேன்.

பண்ணையில் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி. கை எல்லாம் கோழிக்கீறல்.

பிப்ரவரி 13, வியாழன்

வீட்டுக்குள் நுழைய முடியவில்லை, அப்படி ஒரு நாற்றம். பல்புச் சூட்டில் ஒரு முட்டை வெடித்திருக்கிறது. மிஷின் மேல் இருந்த யார் வீட்டுக் கல்யாண ஜாக்கெட்டோ, அதிலும் தெறித்திருக்கிறது. கோகிலா பேசினோடு தூக்கிக்கொண்டுபோய் எல்லாவற்றையும் குப்பைக்குழியில் கொட்டி மண்ணைப் போட்டு மூடிவிட்டாள். மூஞ்சி வீங்கியிருந்தது. மங்கம்மாவுக்கு ஒரு கவலையும் இல்லை. செம்பருத்தி தின்கிறது.

சாயங்காலம் தம்பி கூப்பிட்டதும், நல்ல சேதிதான் என்று குஷியாக ஆரம்பித்தேன்.

"போலீஸ்காரரே, உங்க கேசு போச்சு! தடயத்தையெல்லாம் குழி வெட்டிப் பொதைச்சுட்டா உன் பொண்டாட்டி!"

அவன் சிரிக்கவில்லை.

"ஏன் பொதைச்சா?"

"நாறுச்சுடா."

"நீ பாத்தயா நாறுனதை?"

"மூக்கு இருந்தாப் போதாதா? கண்ணு வேற வேணுமா?"

"முன்னால ஒடைச்சுப் போட்டுட்டு நாறுதுன்னு சொல்லியிருப்பா. பொரியட்டும்னு நான் காத்திருக்கறதை ஆருகிட்டயோ தெரிஞ்சுக்கிட்டா. நான் வர்றேன்."

இல்லடா, நான் டார்ச் அடித்துப் பார்த்தேன் என்று வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் வைத்துவிட்டான். திரும்பக் கூப்பிடலாம் என்று போனைக் கையில் வைத்துக்கொண்டே வீடு வரைக்கும் நடந்தேன்.

பிப்ரவரி 19, புதன்

தம்பி வந்துவிட்டான். நாட்டுக்கோழி அடித்தேன். யாரும் தின்னவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

அர்த்தநாரி மாமன் வந்தார். கோகிலாவின் அப்பா காளியண்ணனை வரச்சொல்லியிருந்தார்கள். அவர் சும்மா ஏதோ விசேஷம் என்று நினைத்து ஒரு சீப்பு கதலியோடு வந்தார். அந்தப் பழம் கடைசி வரைக்கும் அவர் மடியிலேயே இருந்தது.

தம்பிதான் பேசினான். பை, டீ, முட்டை, குழி என்று வரிசையாக. அத்தனையும் நான் சொன்ன வார்த்தைதான். அவன் வாயில் வேறு மாதிரி இருந்தது. கோகிலா அப்போதுதான் விஷயம் என்னவென்றே தெரிந்துகொண்டாள். முதலில் அவளுக்குப் பிடிபடவில்லை. பிறகு மிஷின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள்.

"என்னங்க சொல்றீங்க? அது வெடிச்சு நாறிப் போச்சுங்க. அதான் கொட்டுனேன்."

"ஆமைக்குச் சோடி கொண்டாந்தது ஆரு? அதைச் சொல்லு. வேற ஒண்ணும் வேண்டாம்."

"ஆரும் கொண்டாரலீங்க. அது தானாப் போட்டுதுங்க."

"தானாப் போடறதுக்கு அது என்ன சாமியா?"

காளியண்ணன், "மாப்பிள்ளை, ஒரு ஆமை முட்டைக்குப் போயி எம்புள்ளைய..." என்று ஆரம்பித்தார். மாமன் கையைக் காட்டி நிறுத்தினார்.

கோகிலா என்னைப் பார்த்தாள். தம்பியைப் பார்க்கவில்லை, அவள் அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான்.

"நங்கையா. உங்க பண்ணையில சேவல் இருக்குதுங்களா?"

பேச்சு குட்டை என்று நான் எழுதியவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

மாமன்தான் குறுக்கே புகுந்தார். "அது வேற, இது வேற கண்ணு. பண்ணைக் கோழிக்குத் தீவனத்துல மருந்து கலக்கறாங்க. அந்த வேகத்துல அது பாட்டுக்குப் போட்டுத் தள்ளுது. வாயில்லாத ஆமைக்கு ஆரு மருந்து குடுத்தா? ஏன் பாவாயி, அப்புடித்தான? நீதான தீவனம் கலக்கறவ, சொல்லு."

மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, கருவாட்டுத் தூள், கிளிஞ்சல். என் கையால் கலக்குகிறேன். முட்டை போட வைக்கிற மருந்து என்று ஒன்று அதில் கிடையாது, எந்தப் பண்ணையிலும் கிடையாது. பொட்டை என்றால் காலம் வந்தால் முட்டை போடும், ஆண் இருந்தாலும் இல்லாவிட்டாலும். இதற்குப் படிப்பு வேண்டியதில்லை.

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். தம்பியும் பார்த்தான். அன்றைக்கு என் பெட்டியை வாங்கினபோது பார்த்த அதே கண்.

"எங்க பண்ணையில சேவலுக்கென்னங்க மாமா பஞ்சம்? மீசை வெச்ச சூப்பர்வைசரு ஒருத்தரு இருக்கறாரே!" என்றேன்.

மாமன் வெடித்துச் சிரித்தார். தம்பிக்கும் வாயோரம் லேசாகக் கோணியது. காளியண்ணன்கூட, பெரியவர் சிரிக்கிறாரே என்று மரியாதைக்குச் சிரித்துவைத்தார், பாவம்.

கோகிலா சிரிக்கவில்லை. அவள் அரை நாள் கழித்துச் சிரிக்கிறவள்தானே. நாளைக்கு மத்தியானம் பார்க்கலாம்.

பிப்ரவரி 21, வெள்ளி

மத்தியானம் கோகிலா அப்பாவோடு போய்விட்டாள். தையல் மிஷினை ஆட்டோவில் ஏற்ற நான் ஒரு பக்கம் பிடித்தேன்.

போகும்போது என் கையில் ஒரு கறுப்புப் பையைக் கொடுத்தாள். உள்ளே பாதி சுரண்டின கடல்நுரை.

"இதுதானுங்க அந்தப் பை. மங்கம்மாவுக்கு வாரத்துக்கு ஒருக்கா சுரண்டிப் போடுங்க. செம்பருத்தி தினமும் வெச்சுருங்க."

"போயிட்டு மழைக்கு முன்னாடி வந்துரு. எனக்குச் சண்டை போட ஆள் வேணுமல்ல" என்றேன்.

"நீங்க எப்பங்க நங்கையா சண்டை போட்டீங்க?" என்றாள். "சிரிக்கத்தான செஞ்சீங்க."

ஆட்டோக்காரன் பாட்டு வைத்துவிட்டான்.

மார்ச் 2, ஞாயிறு

தம்பி போன வாரமே வண்டிக்குத் திரும்பிவிட்டான். இன்றைக்குப் போன் வரவில்லை. கேட்பதற்கு வீட்டில் யார் இருக்கிறார்கள், வேவு பார்க்க?

ஒரு ஆளுக்கு ரசம் வைத்தால் ரெண்டு நாளைக்கு வருகிறது.

மார்ச் 16, ஞாயிறு

கிளிக்கடை பூட்டிக் கிடக்கிறது என்று பண்ணையில் பேச்சு. யாரோ ரெண்டு பேர் போய்க் கூண்டுகளை எடுத்து ரோட்டில் வீசினார்களாம். என்னிடம் வந்து, "உனக்குத் தெரியுமா பாவாயக்கா?" என்றார்கள். லவ் பேர்ட்ஸ் எல்லாம் லவ் மேரேஜ் செய்துகொண்டு பறந்துபோயிருக்கும் என்றேன். சிரித்தார்கள். இப்போதெல்லாம் சிரித்துவிட்டு உடனே வேலையைப் பார்க்கிறார்கள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அர்த்தநாரி மாமன் வந்தார். கோகிலாவிடம் விவாகரத்துக்கு எழுதி வாங்கிவிட்டுத் தம்பிக்கு வேறு இடம் பார்க்கலாம் என்கிறார். பரமத்திப் பக்கம் ஒரு பெண்ணாம். "ஆமையை அதுக்குள்ள எங்காச்சும் கரட்டுல வுட்டுருங்க, குடும்பத்துக்கு ஆகாது" என்றார். "அதை வுட்டுட்டா நான் ஆருகூடப் பேசறது?" என்றேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தார்.

ஏப்ரல் 20, ஞாயிறு

நாலு நாளாக மங்கம்மா செம்பருத்தியைத் தொடவில்லை. சுவரோரமாகச் சுற்றியது. எனக்குத் தெரிந்துபோயிற்று. மண்வெட்டி எடுத்து மாதுளைக்கு அடியில் மண்ணைக் கொத்திவிட்டு, பக்கத்திலேயே குத்துக்கால் போட்டு உட்கார்ந்தேன்.

அதே மாதிரிதான். ஒரு கால் மாற்றி ஒரு கால். மூன்று முட்டை.

கோகிலா போன நாளிலிருந்து இந்த வாசலைத் தாண்டி வந்தவர் மாமன் ஒருத்தர்தான். அவரும் தின்பண்டம் தவிர ஒன்றும் கொண்டுவரவில்லை. பொடக்காளிக் கதவுக்குப் பூட்டு, சாவி என் இடுப்பில். டார்ச் அடித்துப் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது?

மங்கம்மா மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போய்விட்டது. நான் எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கால்வலி.

ஏப்ரல் 21, திங்கள்

காலையில் பண்ணைக்குக் கிளம்புகிற நேரம் தம்பி கூப்பிட்டான். எத்தனையோ நாளைக்குப் பிறகு.

"அக்கா, சாப்புட்டயா?"

"ஆச்சு சாமி. நீ?"

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். இங்க வண்டிக்குப் புதுசா ஒரு ஆளு வந்திருக்கறான், ஒடிசாக்காரன். அவுங்க ஊருல ஒருத்தரு ஆமை வளத்துனாராம். ஒத்தை ஆமையாம். ஆம்பளையே இல்லாம வருசா வருசம் முட்டை போடுமாம். கூமுட்டையாம், பொரியாதாம். நெசமா அக்கா அது?"

அவன் குரல் அரை டவுசர் காலத்துக் குரலாக இருந்தது.

"மங்கம்மா மறுக்கா முட்டை கிட்டை போட்டுச்சா? போட்டிருந்தாச் சொல்லு. இன்னைக்கே வண்டியை வுட்டு எறங்கி நேரா அவுங்க வூட்டுக்குப் போறேன். போயி கால்ல வுழறேன். அக்கா? இருக்கறயா?"

இருக்கிறேன். அவள் வந்தால் ஞாயிற்றுக்கிழமை ரொம்ப நேரம் பேசுவார்கள். கடைசியில் போனை என்னிடம் நீட்டுவாள். பேச்சோடு பேச்சாக ஒருநாள் தீவனத்தில் என்ன கலக்கிறார்கள் என்றும் வரும்.

"ஆம்பளை இல்லாம எப்புடிறா போடும் சாமி?" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

"அதான" என்றான். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும், "அதான" என்றான்.

"நாளைக்கும் கூப்புடுறா" என்றேன். சரி என்றானா, அதற்குள் வைத்துவிட்டானா, தெரியவில்லை.

பொடக்காளியில் மண் லேசாக மேடு தட்டியிருந்தது. செருப்புக் காலால் மிதித்துச் சமன் செய்துவிட்டு வேலைக்குப் போனேன்.

இன்றைக்குக் கேரளா லோடு. வண்டி நிறைய அட்டை அடுக்கினோம். என் கையில் ஒரு முட்டைகூட உடையவில்லை.